ஒரு சரிவு, மூன்று ஆசாமிகள்

நண்பர் ஒருவர். பேங்க் உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் கையில் இரண்டு புத்தகங்கள். இரண்டிலும் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் நட்சத்திரக் குறியெல்லாம் வைத்திருந்தார்.

"இதைப் பாருங்க. இந்தப் புத்தகத்துல, நல்ல ஷேர் விலை இறங்கினா சந்தோஷப்படு, இன்னும் கொஞ்சம் வாங்குன்னு இருக்கு. அந்தப் புத்தகத்துல, இறங்கற ஷேரை கையில வெச்சுக்காதே, வித்துட்டு ஓடுன்னு இருக்கு. ரெண்டு பேருமே பெரிய ஆளுங்க. நான் யார் பேச்சைக் கேட்கறது?"

விஷயம் வேறொன்றுமில்லை. ஒரு பங்கை 400 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். அது 300-க்கு வந்து நிற்கிறது. மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது.

முதல் புத்தகம் பெஞ்சமின் கிரஹாம் எழுதியது. இரண்டாவது ஜெஸ்ஸி லிவர்மோர் எழுதியது. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே காலத்தவர்கள். நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் ஒரே தெருப் புழுதியைச் சுவாசித்தவர்கள். ஒரே சரிவைப் பார்த்துவிட்டு நேர் எதிரான பாடத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர்களோடு மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில் இருந்தவர். ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். ஆமாம், பி.காம். படித்தவர்களைப் பரீட்சை நேரத்தில் பாடாய்ப் படுத்திய அதே பொருளாதார மேதைதான். அவரும் ஷேர் மார்க்கெட் ஆசாமி. அவர் சொன்னது இன்னும் வேறு மாதிரி.

மூன்று பேர் கதையையும் பார்த்துவிட்டு நண்பரின் 400 ரூபாய்க்கு வருவோம்.

முதலில் அந்தச் சரிவு. 1929 செப்டம்பர் 3-ம் தேதி அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் 381 புள்ளிகள். அதுதான் உச்சம். அக்டோபர் 28, திங்கட்கிழமை, ஒரே நாளில் சுமார் 13 சதவிகிதம் விழுந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை இன்னொரு 12 சதவிகிதம். அன்றைக்கு மட்டும் கைமாறிய பங்குகள் 1 கோடியே 64 லட்சம். விலை சொல்லும் டிக்கர் இயந்திரம் பல மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. தான் பிழைத்தோமா, போண்டியா என்பதே பலருக்கு ராத்திரிதான் தெரிந்தது.

ஏன் அப்படி அடி விழுந்தது? காரணங்கள் பல. அதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை முழுக்க அது கூடவே வரும். கடன். 100 டாலர் பங்கை 10, 20 டாலர் கையிலிருந்து போட்டு வாங்கலாம். மிச்சம் புரோக்கர் கொடுப்பார். இதற்குப் பெயர் மார்ஜின். விலை ஏறினால் குஷி. பத்து சதவிகிதம் இறங்கினால் உங்கள் பணம் காலி. புரோக்கர் போன் செய்வார். "மேற்கொண்டு பணம் கட்டு, இல்லாவிட்டால் விற்றுவிடுவேன்." லட்சக்கணக்கான பேர் பங்குகள் அப்படி ஒரே சமயத்தில் விற்பனைக்கு வந்தால் யார் வாங்குவது?

இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. பலரும் கவனிக்காத கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. 1929 நவம்பர் நடுவில் டவ் 198-க்கு வந்தது. அப்புறம் ஏற ஆரம்பித்தது! 1930 ஏப்ரலில் 294. "அப்பாடா, கண்டம் தப்பியது" என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். புத்திசாலிகள் எல்லாம் மலிவு விலையில் அள்ளினார்கள். அங்கிருந்துதான் நிஜமான வீழ்ச்சி. நிதானமாக, மாதக்கணக்கில், படிப்படியாக. 1932 ஜூலை 8-ம் தேதி டவ் 41. உச்சத்திலிருந்து 89 சதவிகிதம் காலி. நூறு ரூபாய் பதினொரு ரூபாய் ஆகிவிட்டது. 2008-ல் நம் சென்செக்ஸ் ஜனவரியில் 21,000-ஐத் தொட்டு, அக்டோபரில் ஒரு கட்டத்தில் 8,000-க்கும் கீழே போனபோது நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? அது அறுபது சொச்சம் சதவிகிதம்தான். பழைய 381-ஐ டவ் மறுபடி பார்க்க 1954 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சரிவில் காசு பார்த்தவர் லிவர்மோர்.

1877-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் புலி. பதினான்கு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி பாஸ்டன் போனார். ஒரு புரோக்கர் ஆபீஸில் கரும்பலகையில் பங்கு விலைகளை எழுதிப்போடும் பையன் வேலை. எழுதி எழுதி அந்த எண்களின் நடை அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. இந்த விலை இப்படிப் போனால் அடுத்து இப்படித்தான் போகும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, சரியாக வருகிறதா என்று பார்ப்பார்.

அந்தக் காலத்தில் 'பக்கெட் ஷாப்' என்று ஒன்று உண்டு. பங்கு எதுவும் கைமாறாது. விலை ஏறுமா இறங்குமா என்று கடைக்காரரோடு பந்தயம், அவ்வளவுதான். நம் ஊரில் 'டப்பா டிரேடிங்' என்று சொல்கிறார்களே, அதன் தாத்தா. அங்கே போய் ஜெயித்து ஜெயித்து, கடைசியில் கடைக்காரர்கள் "தம்பி, நீ வராதே" என்று வாசலிலேயே நிறுத்தினார்கள்.

நியூயார்க் போனார். 1906-ல் யூனியன் பசிபிக் ரயில்வே பங்குகளை 'ஷார்ட்' அடித்திருந்தார். அதாவது கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்பது, விலை இறங்கிய பிறகு வாங்கிக் கொடுப்பது. சான் பிரான்சிஸ்கோவில் பூகம்பம் வந்தது. இரண்டரை லட்சம் டாலர் லாபம். 1907 பீதியில் ஒரே நாளில் பத்து லட்சம் டாலர். அப்போது அவருக்கு முப்பது வயது.

அடுத்த வருஷம் என்ன நடந்தது தெரியுமா? பருத்தி வியாபாரத்தில் பெரிய நிபுணர் ஒருவரின் பேச்சில் மயங்கி, பருத்தி வாங்கிக் குவித்தார். விலை இறங்கியது. மேலும் வாங்கினார். கையில் கோதுமையும் இருந்தது, அது லாபத்தில் இருந்தது. லாபத்தில் இருந்த கோதுமையை விற்றுவிட்டு, நஷ்டத்தில் இருந்த பருத்தியை வைத்துக்கொண்டார். கடைசியில் சம்பாதித்ததில் பெரும்பகுதி போயிற்று. நிபுணர் மேல் தப்பில்லை, என் விதியை நானே மீறினேன் என்பதுதான் பின்னால் அவர் எடுத்துக்கொண்ட பாடம். 1915-ல் முறைப்படி திவால். சட்டப்படி கட்ட வேண்டியதில்லை என்று ஆன கடனையும் பிறகு சம்பாதித்துக் கட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் நாணயஸ்தர்.

அவருடைய விதிகள் எல்லாம் இந்த அடிகளில் பிறந்தவை. பத்து சதவிகிதம் நஷ்டம் வந்தால் விற்றுவிடு. இறங்கும் பங்கில் மேற்கொண்டு பணம் போடாதே. முதலில் கொஞ்சமாக வாங்கிப் பார், கணிப்பு சரியாக இருந்தால் மட்டும் கூட்டு. யார் டிப்ஸ் கொடுத்தாலும் காதைப் பொத்திக்கொள்.

1929-ல் இந்த விதிகளை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். ஊரே வாங்கும்போது விற்றார். சரிவில் அவருக்குக் கிடைத்தது சுமார் 10 கோடி டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு காட்சி சொல்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருகிறார். வீடு காலியாகக் கிடக்கிறது. ஊரில் எல்லோரும் போண்டியான செய்தியைக் கேட்ட மனைவி, நம் கதையும் முடிந்தது என்று நினைத்து நகை நட்டு, சாமான்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டாராம். "நம் வாழ்நாளிலேயே நமக்கு நல்ல நாள் இதுதான்" என்று அவர் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. 1934 மார்ச்சில் லிவர்மோர் மறுபடி திவால் மனு கொடுத்தார். கடன் மட்டும் 20 லட்சம் டாலருக்கு மேல்.

அந்தப் புத்தகத்தை, நண்பர் நட்சத்திரக் குறி போட்ட அதே புத்தகத்தை, அவர் வெளியிட்டது 1940 மார்ச்சில். அதே ஆண்டு நவம்பர் 28-ம் தேதி நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். மனைவிக்கு எழுதிய கடைசிக் குறிப்பில் தன்னைத் தோற்றுப்போனவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய விதிகள் தப்பா? இல்லை. கடன் வாங்கி ஆடுகிறவனுக்கு அவைதான் சரியான விதிகள். கடனில் நிற்பவனுக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. நீங்கள் எவ்வளவுதான் சரியாகக் கணித்திருந்தாலும், பத்து நாள் முன்னால் கணித்துவிட்டால் புரோக்கர் உங்களை விற்றுவிடுவார். ஆகவே சீக்கிரம் வெட்டு, ஓடு. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு நாள்கூடத் தூங்கக்கூடாது. நாற்பது வருஷம் விதியைக் காப்பாற்றிவிட்டு நாற்பத்தியோராவது வருஷம் தூங்கினாலும் போச்சு. லிவர்மோருக்கு அவ்வப்போது தூக்கம் வந்தது.

இப்போது கிரஹாம்.

லண்டனில் 1894-ல் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் வந்தவர். அப்பா பீங்கான் சாமான் வியாபாரி. அவர் சின்ன வயதிலேயே இறந்துபோக, குடும்பம் நொடித்தது. அம்மா கொஞ்சம் பணத்தை மார்ஜினில் பங்கு வாங்கப் போட்டார். 1907-ல் அதுவும் அம்பேல். ஆமாம், லிவர்மோருக்கு ஒரே நாளில் பத்து லட்சம் கொடுத்த அதே 1907 பீதிதான். அம்மா கொடுத்த செக்கை மாற்ற பேங்குக்குப் போன பையன் காதில் விழும்படி, இந்த அம்மாளை நம்பி ஐந்து டாலர் கொடுக்கலாமா என்று அங்கே கேட்டுக்கொண்டார்களாம். அந்தக் கேள்வியைப் பெரியவரான பிறகும் அவர் மறக்கவில்லை.

படிப்பில் சூரப்புலி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்ததும் தத்துவம், கணிதம், ஆங்கிலம் என்று மூன்று துறைகள் "எங்களிடம் வாத்தியார் வேலைக்கு வா" என்று கூப்பிட்டன. இவர் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போனார், பணம் தேவைப்பட்டது.

அவருடைய பாணி என்ன என்பதற்கு ஒரு சம்பவம் போதும். நார்தர்ன் பைப்லைன் என்று ஒரு கம்பெனி. எண்ணெய்க் குழாய் வியாபாரம். பங்கு விலை 65 டாலர். இவர் வாஷிங்டன் போய், ரயில்வே, குழாய் கம்பெனிகள் எல்லாம் அரசாங்கத்துக்குத் தாக்கல் செய்யும் அறிக்கைகளைத் தூசு தட்டிப் படித்தார். யாரும் புரட்டியே பார்க்காத காகிதங்கள். அதில் இருந்தது விஷயம். அந்தக் கம்பெனி நல்ல கடன் பத்திரங்களை வாங்கிப் பூட்டி வைத்திருந்தது. ஒரு பங்குக்கு 95 டாலர் வீதம்! 95 டாலர் உள்ள பர்ஸை 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள், உள்ளே எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க ஆளில்லாமல்.

கிரஹாம் வாங்கினார். நிர்வாகத்திடம் போய், வியாபாரத்துக்குத் தேவைப்படாத அந்தப் பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுங்கள் என்றார். "உனக்கு எண்ணெய் வியாபாரம் தெரியாது" என்கிற தோரணையில் பதில் வந்தது. 1927 ஜனவரியில் ஆண்டுக்கூட்டம். பென்சில்வேனியாவில் ஆயில் சிட்டி என்ற சின்ன ஊரில். ரயிலேறிப் போனார். பேசுவதற்கு எழுந்தார். தீர்மானத்தை வழிமொழிய ஓர் ஆள்கூட இல்லை, கூட்டம் சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். ஒரு வருஷம் முழுக்கப் பங்குதாரர்களைத் தேடித் தேடிப் போய் ஆதரவுக் கையெழுத்து வாங்கினார். 1928 கூட்டத்தில் போர்டில் இரண்டு இடம் பிடித்தார். கடைசியில் பங்குக்கு 70 டாலர் வெளியே வந்தது.

இப்படிப்பட்ட நிதானஸ்தர் 1929-ல் தப்பித்திருக்க வேண்டுமே?

தப்பிக்கவில்லை. அதுதான் கதை. 1929 தொடக்கத்தில் அவர் நிர்வகித்த தொகை 25 லட்சம் டாலர். அந்த வருஷம் நஷ்டம் 20 சதவிகிதம்தான். ஊர் போன போக்குக்கு அது பிரமாதம். ஆனால் அடுத்த வருஷம், 1930-ல், 50 சதவிகிதம் போனது. பிறகு 1931-ல் 16, 1932-ல் 3. மொத்தத்தில் சுமார் 70 சதவிகிதம் காலி. 294 புள்ளிக்கு ஏறி எல்லோரும் மூச்சுவிட்டார்களே, அந்த ஏற்றத்தில் "மோசமான காலம் முடிந்தது" என்று நம்பிய புத்திசாலிகளில் இவரும் ஒருவர். பங்குகள் மலிவுதான். அதில் தப்பில்லை. ஆனால் சுமார் 20 லட்சம் டாலர் மார்ஜின் கடன் வைத்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் அம்மாவைக் கவிழ்த்தது எதுவோ, அதுவேதான்.

ஆடம்பரமான பெரிய அடுக்குமாடி வீட்டைக் காலி செய்து சின்ன வீட்டுக்குப் போனார். அம்மாவின் செலவைக்கூடக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பார்ட்னர் ஜெரோம் நியூமனின் மாமனார் பணம் போட்டுக் கம்பெனியைக் காப்பாற்றினார். நஷ்டத்தை ஈடுகட்டும்வரை இருவருக்கும் ஊதியம் கிடையாது என்பது ஒப்பந்தம். ஐந்து வருஷம் அப்படியே உழைத்தார்கள். 1935 முடிவதற்குள் முதலீட்டாளர்களின் பணத்தை மீட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இருண்ட நாட்களில்தான், 1932-ல், ஃபோர்ப்ஸ் பத்திரிகையில் அவர் ஒரு கணக்கு எழுதினார். அமெரிக்காவின் 600 தொழில் நிறுவனங்களில் 200-க்கும் மேற்பட்டவை, கடனையெல்லாம் கழித்த பிறகு கையிலிருக்கும் ரொக்கம், சரக்கு மதிப்பைவிடக் குறைவான விலையில் சந்தையில் கிடைக்கின்றன. கம்பெனியை மூடி, சாமானை விற்றாலே லாபம் என்ற நிலை. அதை எழுதியபோது கேட்பார் இல்லை. 1934-ல் சக பேராசிரியர் டேவிட் டாட் உடன் சேர்ந்து பெரிய புத்தகம் வந்தது. 1949-ல் சாதாரண ஜனங்களுக்காக இன்னொன்று, நண்பர் கையில் வைத்திருந்தது. பாதுகாப்பு இடைவெளி விட்டு வாங்கு, பல பங்குகளில் பிரித்துப் போடு, சந்தை சொல்லும் விலையை ஒரு கிறுக்குப் பார்ட்னர் தினமும் வந்து சொல்லும் விலையாக நினைத்துக்கொள், பிடித்தால் எடு, இல்லாவிட்டால் விடு. இவ்வளவு நிதானமாக ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் அந்த 70 சதவிகிதம் இருக்கிறது. வாரன் பஃபெட் கொலம்பியாவில் உட்கார்ந்து கேட்டது இந்த வாத்தியார் பாடத்தைத்தான்.

கிரஹாமுக்குப் பலகாலம் பிடித்துப் புரிந்த விஷயம் இன்னொருவருக்கு இங்கிலாந்தில் புரிந்துகொண்டிருந்தது, அதுவும் சும்மா புரியவில்லை.

கெய்ன்ஸ் முதலில் பார்த்த வேலை லண்டனில் இந்தியா ஆபீஸில். 1906-ல் சேர்ந்தார். அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று பத்து காளை மாடுகளை பம்பாய்க்குக் கப்பலேற்றி அனுப்ப ஏற்பாடு செய்தது. பங்குச்சந்தைக் காளையோடு அவர் மல்லுக்கட்டப்போவது அப்போது யாருக்குத் தெரியும்!

முதல் உலகப்போர் முடிந்ததும் நாணயங்களின் மேல் பந்தயம் கட்ட ஆரம்பித்தார். ஜெர்மன் மார்க், பிரெஞ்சு பிராங்க் எல்லாம் விழும் என்பது கணிப்பு. 1920 மே மாதம் அவை திடீரென்று கொஞ்சம் ஏறின. மனுஷன் காலி. தன் பணம், நண்பர்கள் பணம் எல்லாம் போய், ஒரு பணக்காரரிடம் 5,000 பவுண்ட் கடன் வாங்கித்தான் எழுந்தார். கணிப்பு தப்பா என்றால், 1923-ல் மார்க் நோட்டு அடுப்பெரிக்கும் காகிதம் ஆகிவிட்டது. கணிப்பு சரி, பணம் போனது போனதுதான்.

பிறகு ரப்பர், பருத்தி, தகரம் என்று சரக்குச் சந்தை. உலகப் பொருளாதாரத்தின் போக்கை நம்மைவிட யார் அறிவார் என்ற தைரியம். நியாயமான தைரியம்தான். 1927 முடிவில் சொத்து 44,000 பவுண்ட். 1928-ல், ரப்பர் உற்பத்திக்கு பிரிட்டிஷ் அரசு போட்டிருந்த கட்டுப்பாடு நீங்கப்போகிறது என்றதும் ரப்பர் விலை சரிந்தது. மலேயாவிலும் இலங்கையிலும் நம் தமிழ்த் தொழிலாளர்கள் விடியற்காலையில் பால் வெட்டிய ரப்பர்தான். அந்தச் சரிவில் தோட்டங்களில் அவர்கள் பட்டது தனிக்கதை. கெய்ன்ஸின் சொத்து 1929 முடிவில் 8,000 பவுண்டுக்கும் கீழே. உலகத்தின் மிகப் பெரிய பொருளாதார மூளை, 1929 சரிவு வருவதைப் பார்க்கவில்லை.

எனக்கு இந்த மனிதரைப் பிடிப்பதற்குக் காரணம், இதற்கு அப்புறம் அவர் செய்தது. "எனக்கு எதிர்காலத்தைக் கணிக்க வரவில்லை" என்று ஒப்புக்கொண்டு, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு பாணியைத் தலைகீழாக மாற்றினார். பொருளாதாரம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற ஆராய்ச்சியை முதலீட்டில் மூட்டைகட்டினார். நன்றாகத் தெரிந்த, நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை உள்ள சில கம்பெனிகள் மட்டும். ஆஸ்டின் மோட்டார், தென்னாப்பிரிக்காவில் ஒரு சுரங்க நிறுவனம் என்று எண்ணிச் சில. வாங்கினால் வருஷக்கணக்கில் வைத்திருப்பது. ஒன்றுமே தெரியாத நூறு கம்பெனியில் பிரித்துப் போட்டுவிட்டு ஆபத்து குறைந்தது என்று நினைப்பது ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி. கிரஹாமுக்கு நேர் எதிர்.

கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜின் பணத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அதில் ஒரு நிதி 30,000 பவுண்டில் தொடங்கியது, 1946-ல் அவர் இறக்கும்போது சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். உலகப் பெருமந்தம், இரண்டாம் உலகப்போர் எல்லாம் நடுவில் வந்துபோன காலம் அது.

பழைய வாசனை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். 1936-ல் கோதுமையில் ஏதோ கணக்கு தப்பி, நிஜமாகவே கப்பல் கோதுமையை டெலிவரி எடுக்க வேண்டிய நிலைமை. காலேஜ் தேவாலயத்தில் கொட்டி வைக்கலாமா என்று அளவெடுக்கப் போனார் என்பது கேம்பிரிட்ஜில் சொல்லும் கதை. சொந்தக் கணக்கில் கடனும் விடவில்லை. 1936-ல் 5 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்த சொத்து, 1937-38 சரிவில் 1 லட்சத்து 81 ஆயிரமானது. அந்த நேரம் பார்த்து இதய நோய் வேறு. அப்போது படுக்கையிலிருந்தபடி காலேஜுக்கும், தான் ஆலோசகராக இருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் எழுதிய கடிதங்களில் அவர் சொன்னது: சரிவில் பங்கோடு மாட்டிக்கொண்டு நிற்பதும், அதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொள்ளாமல் இருப்பதும் முதலீட்டாளனின் கடமைகளில் சேர்த்தி.

இதை எழுதுவதற்கு ஒரு நெஞ்சுறுதி வேண்டும். காலேஜுக்குக் கடன் கிடையாது. நூறு வருஷம் காத்திருக்கலாம். கெய்ன்ஸுக்குச் சம்பாத்தியம் இருந்தது. மூன்று பேர் சொன்னதையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 'இறங்கினால் விற்றுவிடு' என்பது கடன் வாங்கியவனின் விதி. 'இறங்கினால் வாங்கு' என்பது கடனில்லாமல், பேலன்ஸ் ஷீட்டைக் கரைத்துக் குடித்தவனின் விதி. 'இறங்கினாலும் பேசாமல் இரு' என்பது கம்பெனியையும் நடத்துகிறவர்களையும் உள்ளங்கைபோல் அறிந்து, அந்தப் பணம் பத்து வருஷத்துக்குத் தேவைப்படாதவனின் விதி.

நண்பரிடம் திரும்பினேன்.

"அந்த ஷேரை எதுக்கு வாங்கினீங்க?"

"ஒரு வாரத்துல 450 போகும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்."

"சொந்தப் பணமா?"

கொஞ்சம் தயங்கினார். "பாதி சொந்தம். பாதி புரோக்கர் குடுத்தது."

"இப்ப என்ன பண்றதா உத்தேசம்?"

"லாங் டேர்மா வெச்சுக்கலாம்னு..."

பார்த்தீர்களா? வாங்கினது லிவர்மோர் பாணியில், அதுவும் டிப்ஸ் கேட்கக்கூடாது என்கிற முதல் விதியையே மீறி. இறங்கின பிறகு கிரஹாம். 300 ஆன பிறகு கெய்ன்ஸ். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவருக்கு மூன்று கால். கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று கேட்டேன். "கெமிக்கல்ஸ்னு நினைக்கிறேன்" என்றார். லிவர்மோர் இருந்திருந்தால் 360-லேயே விற்றிருப்பார். கிரஹாம் 400-க்கு வாங்கியிருக்கவே மாட்டார். கெய்ன்ஸ் முதலில் அந்தக் கம்பெனி சேர்மன் யார் என்று கேட்டிருப்பார்.

நண்பர் சளைக்கவில்லை. "அப்ப பெரிய மனுஷங்க எல்லாம் அவங்க விதியை மீறவே மாட்டாங்களா?" என்றார்.

நல்ல கேள்வி. பருத்தியை லிவர்மோர் வைத்துக்கொண்டதைச் சொன்னேன். கிரஹாமும் மீறியிருக்கிறார். 1948-ல் கைகோ என்ற கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதியை 7,12,500 டாலருக்கு வாங்கினார். பிரித்துப் போடு, பிரித்துப் போடு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் நிதியின் கால்வாசிப் பணத்தை ஒரே கம்பெனியில் கொண்டுபோய்க் கொட்டினார். அது இருநூறு மடங்குக்கும் மேல் பெருகியது. இருபது வருஷம் ராப்பகலாக எண்ணி எண்ணி வாங்கின மற்ற எல்லா முதலீடுகளின் லாபத்தையும் கூட்டினாலும், இந்த ஒன்றில் வந்த லாபத்தைத் தொடவில்லை.

பிற்பாடு தன் புத்தகத்தின் கடைசியில் இதை ஒரு பின்குறிப்பாக எழுதினார். தன் பெயரைச் சொல்லாமல், யாரோ இரண்டு பார்ட்னர்களின் கதைபோல. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. பிரித்துப் போடும் விதியைத்தான் மீறினார்களே தவிர, இன்னொரு விதியை விடவில்லையாம். கொடுக்கும் விலைக்குச் சமமாகக் கம்பெனியின் கணக்கில் சொத்து இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். சுமார் 50,000 டாலர் கணக்கு வித்தியாசத்தில் பேரமே முறிந்துபோக இருந்தது. பின்னால் 30 கோடி டாலருக்கு மேல் ஆன லாபம் அந்த ஐம்பதாயிரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டது கிடைத்தது வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்று அந்தப் பொடி எழுத்தில் கிரஹாமே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நண்பர் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை.